சாக்லேட் வாஃபிள் தட்டில் ஒட்டுகிறது, பழம் வைத்ததும் நமத்துப் போகிறது: எதை மாற்ற வேண்டும்?

மாதுளம்பூ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சாதா வாஃபிள் சரியாக வருகிறது. கோகோ சேர்த்துச் சாக்லேட் வாஃபிளாக மாற்றினால்தான் எல்லாம் கெடுகிறது. அளவைக் கிராமிலேயே தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மைதா 120 கிராம், கோகோ பவுடர் 60 கிராம், சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், பால் 200 மில்லி, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 40 கிராம், சாக்லேட் சிப்ஸ் 100 கிராம். மின்சார வாஃபிள் மேக்கர், ஆழமான குழிகள் உள்ள வட்டத் தட்டு. சூட்டுத் திருகு 1 முதல் 5 வரை. 5-இல் வைத்து 3 நிமிடம் வேக வைக்கிறேன்.

மூடியைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. வெளியே கருகல் கசப்பு, உள்ளே ஈரம். கூடவே சோப்பு மாதிரி ஒரு பின்சுவை. முழுசாக வந்த ஒன்றிரண்டின் மேலும் சர்க்கரையில் பிரட்டிய ஸ்ட்ராபெரியை வைத்தால் 2 நிமிடத்தில் நமத்துத் துணி மாதிரி தொங்குகிறது.

கோகோ டப்பாவில் பொட்டாசியம் கார்பனேட் சேர்த்தது என்று போட்டிருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அடுப்புக்கண் பதில்:

தொடர்பு உண்டு. சோப்புச் சுவைக்கான விடை அந்த டப்பாவிலேயே இருக்கிறது, அங்கிருந்தே வருகிறேன்.

இயற்கையான கோகோ லேசான புளிப்புத் தன்மை உடையது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தால் (உறைப்பு அல்ல, புளிப்பை முறிக்கும் பொருள்) பதப்படுத்தியதை டச்சு கோகோ என்பார்கள். அதில் அந்தப் புளிப்பு போயிருக்கும், நிறம் அடர்ந்திருக்கும், கசப்பும் மட்டுப்பட்டிருக்கும். பேக்கிங் சோடாவும் காரம்தான். மாவில் புளிப்பு இருந்தால் அதோடு வினைபுரிந்து வாயுவாகித் தீரும். உங்கள் மாவில் இருப்பது சாதாப் பாலும் டச்சு கோகோவும், சோடாவைத் தீர்க்க அதில் எதுவுமே இல்லை. தீராமல் நின்ற சோடாதான் நாக்கில் சோப்பாகத் தெரிகிறது. கேடு சுவையோடு நிற்பதுமில்லை. காரம் கூடிய மாவு சூட்டில் சீக்கிரம் சிவந்து சீக்கிரம் கருகும். டச்சு கோகோவும் பாலும் என்றால் சோடாவை அடியோடு விட்டுவிட்டு பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூன் ஆக்குங்கள். பாலுக்குப் பதில் மோர் ஊற்றுவதாக இருந்தால் 240 மில்லி மோர் அரை டீஸ்பூன் சோடாவைத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

பிளப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. மாவை இழுத்துப் பிடிக்கும் மைதாப் புரதமான குளூட்டன் கோகோவில் கிடையாது. மைதாவில் பாதி எடைக்குக் கோகோ போட்டால் வாஃபிளை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. ஈரத்தையும் அது மைதாவைவிட அதிகமாக உறிஞ்சும். மாவுப் பொருட்களின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோகோ வேண்டாம். சர்க்கரை 100 கிராம் என்பது தட்டில் உருகிப் பாகாகி ஒட்டுவதற்குப் போதுமான அளவு. வெண்ணெய் 40 கிராம் குறைச்சல். வாஃபிளைத் தட்டிலிருந்து விடுவிப்பது மாவுக்குள் இருக்கும் கொழுப்புதான், தட்டில் தடவுவது அல்ல.

மாற்றிய அளவு: மைதா 130 கிராம், கார்ன்ஃப்ளார் 25 கிராம், டச்சு கோகோ 35 கிராம், சர்க்கரை 45 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 2, பால் 240 மில்லி, வெண்ணெய் 80 கிராம், வனிலா 1 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய டார்க் சாக்லேட் 40 கிராம். ஒன்றுக்கு 120 மில்லி மாவு என்று ஊற்றினால் சுமார் 5 வாஃபிள் வரும். கார்ன்ஃப்ளார் மொறுமொறுப்புக்கு, அதை விட்டுவிடாதீர்கள்.

வெண்ணெயை உருக்கிச் சூடாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, கோகோவைச் சலித்து அதில் கொட்டி விஸ்க்கால் அடியுங்கள். 2 நிமிடம் அப்படியே விடுங்கள். சூடான கொழுப்பில் ஊறிய கோகோவின் மணம், மைதாவோடு உலர்வாகக் கலந்ததில் வராது. கட்டியும் தட்டாது. இது வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பாலை ஊற்றுங்கள். பால் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் வெண்ணெய் குருணை குருணையாக உறைந்துவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. அந்தக் குருணைகள் தட்டில் உருகி ஓடி, வாஃபிளில் ஓட்டைகள் விழும். அடுத்து முட்டை, வனிலா. மைதா, கார்ன்ஃப்ளார், சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு இவற்றைத் தனியாகக் கலந்து குழி செய்து, ஈரக் கலவையை ஊற்றி, 12 முதல் 15 சுற்றுகளில் நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். வழவழப்பாகும்வரை அடித்தால் வாஃபிள் ரப்பராகும்.

10 நிமிடம் மாவை ஓய்வில் விடுங்கள். கோகோவும் மாவும் ஈரத்தைக் குடித்து இறுகும். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக விழ வேண்டும், விழுந்த தடம் 2, 3 நொடி நின்று மறைய வேண்டும். தடம் மறையாமல் குவிந்தே நின்றால் ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாகப் பால் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது தட்டுக்கு வருவோம். திருகை 3-இல் வையுங்கள். விளக்கு 4 நிமிடத்தில் அணைந்தாலும் 8 முதல் 10 நிமிடம் காய விடுங்கள். விளக்கு சொல்வது ஓரிடத்தின் சூட்டை மட்டுமே, தட்டு முழுக்கச் சீராகக் காய அதைவிட நேரம் பிடிக்கும். ஆறிய தட்டில் ஊற்றிய மாவு காய்ந்துகொண்டே ஒட்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் துள்ளி ஓடி 2, 3 நொடியில் மறைய வேண்டும்.

சாக்லேட் வாஃபிளில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதா வாஃபிள் வெந்ததை நிறம் சொல்லிவிடும். இது ஊற்றும்போதே பழுப்பு, கருகும்போதும் பழுப்பு. கண்ணை நம்பாமல் ஆவியை நம்புங்கள். முதல் ஒன்றரை நிமிடம் ஓரம் முழுக்க ஆவி பொங்கும். அந்த நேரத்தில் மூடியைத் தொடவே கூடாது. பிறகு ஆவி பின்பக்கம் மட்டும் வரும், மெலிந்து நூலாகும், விட்டு விட்டு வரும். நின்றதுபோல் தெரிந்த பிறகும் 20 நொடி பொறுங்கள். பெரும்பாலான மின்சாரக் கருவிகளில் இது 4 முதல் 5 நிமிடம். மூடியை ஒரு விரல் அளவு மெல்லத் தூக்கிப் பாருங்கள். எதிர்த்து இழுத்தால் உள்ளே இன்னும் வேகவில்லை. வலுக்கட்டாயமாகத் திறந்தால் நீங்கள் சொன்ன அதே பிளவுதான். மூடி இன்னும் 30 நொடி கொடுங்கள். வெந்த வாஃபிள் தானே விட்டுக்கொடுக்கும்.

சாக்லேட் சிப்ஸ் 100 கிராமையும் மாவில் கலந்தால் தட்டைத் தொடும் ஒவ்வொரு சில்லும் கருகி ஒட்டும், கசப்பில் பாதி அங்கிருந்துதான். 40 கிராமைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். தட்டில் முக்கால்வாசி மாவை ஊற்றி, விளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டு நடுவில் தூவி, மீதி மாவால் மூடிவிடுங்கள்.

தேன்துளி_77 பதில்:

மாவைப் பத்தி அடுப்புக்கண் சொல்லிட்டாங்க, நான் பழத்துக்கு வரேன்.

சர்க்கரையில பிரட்டின ஸ்ட்ராபெரியை அப்படியே வாஃபிள் மேல வைக்கக் கூடாதுங்க. சர்க்கரை பட்டதும் பழம் சாறு விடும், அதுதான் அதோட இயல்பு. அந்தச் சாறு கிண்ணத்துல விடணும், வாஃபிள் மேல விடக் கூடாது. 300 கிராம் ஸ்ட்ராபெரியைக் கழுவித் துடைச்சு, அப்புறமா காம்பை எடுத்து நாலா வெட்டுங்க. காம்பை முதல்ல எடுத்துட்டுக் கழுவினா உள்ள தண்ணி ஏறிடும். சர்க்கரை 30 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன் போட்டுக் குலுக்கி 20, 25 நிமிஷம் வைங்க. சல்லடையில வடிகட்டுங்க. பழத் துண்டு வாஃபிளுக்கு. சாறைச் சின்னப் பாத்திரத்துல மிதமான தீயில பாதியா வத்த விடுங்க, ஆறினதும் பாகா நிக்கும். அதைத் தனிக் கிண்ணத்துல வச்சு, சாப்பிடும்போது மட்டும் ஊத்திக்கணும். 40, 50 நிமிஷத்துக்கு மேல ஊற வச்சா துண்டு தொளதொளன்னு ஆயிடும், அதுவும் வேண்டாம்.

பழத்துக்குப் பழம் கையாள்றது மாறும். சாறே விடாத பழம்னா முழு புளூபெரி. வெட்டாம வைங்க, வேற எதுவும் செய்ய வேண்டாம். வாழைப்பழமும் வாஃபிளை நனைக்காது. ஆனா பச்சையா வெட்டி வச்சா கொஞ்ச நேரத்துல கறுத்துடும். புள்ளி விழாத, கொஞ்சம் கெட்டியான பழமா எடுத்து 1 செ.மீ. கனத்துல வெட்டி, கடாயில 15 கிராம் வெண்ணெய், ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டு, சர்க்கரை உருகிப் பொன்னிறம் ஆனதும் துண்டுகளை அடுக்கி, பக்கத்துக்கு 1 நிமிஷம் விடுங்க. கிளறினா கூழாயிடும், திருப்பி மட்டும் போடுங்க. சாக்லேட்டோட இதுக்கு இணை கிடையாதுன்னே சொல்வேன். ஆரஞ்சுன்னா சுளையோட தோலையும் உரிச்சு, பேப்பர் டவல்ல 5 நிமிஷம் பரப்பி வச்சு எடுங்க.

உறைய வச்ச பெரி பழங்களை உருக வச்சு மேல போடறது பெரிய தப்பு. உறையும்போது உள்ள உருவாகிற பனிப் படிகம் பழத்தோட திசுவைக் கிழிச்சுடும், உருகினா தண்ணியா கொட்டும். அதைச் சமைச்சுதான் போடணும். 300 கிராமை உறைஞ்சபடியே பாத்திரத்துல போட்டு, சர்க்கரை 45 கிராம் சேர்த்து 6, 7 நிமிஷம் கொதிக்க விடுங்க. 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை 1 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணியில கரைச்சு ஊத்தி, திரும்பக் கொதி வந்து 1 நிமிஷம் ஆனதும் அணைச்சுடுங்க. எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூனை அணைச்ச பிறகுதான் விடணும். புளிப்போட சேர்ந்து கொதிச்சா கார்ன்ஃப்ளாரோட பிடிப்பு தளர்ந்து திரும்ப நீர்த்துப் போகும். ஆறும்போது இன்னும் இறுகும், அதனால அடுப்புல கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே நிறுத்துங்க.

கிரீம் வைக்கிறதா இருந்தா வேக வைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி மூணையும் அது பக்கத்துல வைக்காதீங்க. இதுல இருக்கிற நொதிகள் பால் புரதத்தைச் சிதைக்கும். கிரீம் நீர்க்கும், கசக்கும். அன்னாசியை 5 நிமிஷம் சர்க்கரையில வேக வச்சுட்டா அந்த நொதி செயலிழந்துடும். கிவியை வேக வச்சா நிறம் போயிடும், அதனால கிரீம் இல்லாம வச்சு உடனே சாப்பிடறதுதான் சரி.

கடைசியா ஒரு தடுப்பு வேலை. பரிமாற நேரம் ஆகும்னு தெரிஞ்சா வாஃபிள் குழிகளுக்குள்ள மெல்லிசா சாக்லேட் பூசிடுங்க. டார்க் சாக்லேட் 50 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்து மேல கிண்ணம் வச்சு உருக்கணும், கிண்ணத்தோட அடி தண்ணியைத் தொடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் சாக்லேட் மணல் மாதிரி கட்டியாயிடும். வாஃபிளைக் கம்பி ரேக்ல ஆற விட்டு, பிரஷ்ஷால ஒவ்வொரு குழியோட அடியும் சுவரும் மூடற மாதிரி தடவி, ஃப்ரிட்ஜ்ல 5 நிமிஷம் வைங்க. இறுகின சாக்லேட் கொழுப்புப் படலம், பழச்சாறு அதைத் தாண்டாது. வாஃபிள் சூடா இருக்கும்போது தடவினா இறுகாம உள்ள ஊறிடும், பிரயோஜனம் இல்ல. சூடா சாப்பிடணும்னா இந்த வேலையே வேண்டாம், பழத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டா போதும்.

மாதுளம்பூ:

இருவருக்கும் மிக்க நன்றி. சோடா, கோகோ, சூடு மூன்றிலும் தவறியிருக்கிறேன் என்று புரிகிறது. இன்னும் மூன்று கேள்வி. முட்டை சேர்க்காதவர்களுக்கு இதே அளவை எப்படி மாற்றுவது? முட்டையின் வெள்ளையைத் தனியே அடித்துச் சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும் என்கிறார்களே, சாக்லேட் மாவுக்கும் அது பொருந்துமா? 6 பேருக்குச் செய்யும்போது முதலில் சுட்டது ஆறி நமத்துப் போகாமல் இருக்க என்ன வழி?

வெண்பஞ்சு பதில்:

முட்டை இல்லாமல் செய்ய, அடுப்புக்கண் கொடுத்த அளவில் 2 முட்டையையும் 240 மில்லி பாலையும் எடுத்துவிட்டு, கெட்டித் தயிர் 120 கிராம், பால் 200 மில்லி, எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன் என்று மாற்றுங்கள். தயிரின் புளிப்பு இருப்பதால் இங்கே பேக்கிங் சோடா கால் டீஸ்பூன் போடலாம், பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். தயிர் மிகவும் புளித்ததாக இருக்க வேண்டாம். முட்டை கொடுக்கும் பிடிப்பு இதில் இல்லை. ஆகவே ஆவி நின்ற பிறகு இன்னும் 1 நிமிடம் கூடுதலாக வேக வேண்டும். திறந்ததும் எடுக்காமல் மூடியைத் திறந்தபடி 20 நொடி விட்டு, மரக் கரண்டியால் ஓரத்தை நெம்பி எடுங்கள். சூட்டில் இழுத்தால் கிழியும்.

வெள்ளையைத் தனியே அடிப்பதை நான் பரிந்துரைக்கிறேன். மஞ்சளைப் பாலோடு கலந்துவிட்டு, வெள்ளையை நுனி வளைந்து நிற்கும் பதம்வரை மட்டும் அடித்து, மாவு ஓய்வெடுத்த பிறகு மூன்று தவணையாக மடித்துக் கலக்க வேண்டும். கோகோ மாவு இயல்பாகவே கனமானது. காற்றுச் சேர்ந்தால் உள்ளே லேசாகவும் மேலே மெல்லிய ஓடாகவும் வரும்.

6 பேருக்கு என்றால் ஓவனை 100 டிகிரி செல்சியஸில் வைத்து, உள்ளே கம்பி ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். 20 நிமிடம் தாராளமாகத் தாங்கும். தட்டில் வைத்தாலே அடிப்பக்கம் அதன் ஆவியிலேயே நனையும். மேலே மூடி போட்டால் கேட்கவே வேண்டாம். வாஃபிள் மேக்கரிலிருந்து எடுத்ததும் தொட்டால் மெத்தென்று இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். ஒரு நிமிடம் ரேக்கில் ஆவி வெளியேறியதும் இறுகும். மீந்ததை முழுக்க ஆற விட்டு, ஃப்ரீசரில் தனித்தனியாகப் பரப்பி உறைந்த பின் பையில் போடுங்கள். சாப்பிடும்போது உறைந்தபடியே 180 டிகிரி ஓவனில் 5, 6 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும்.

அடுப்புக்கண்:

வெள்ளையை அடிக்கும் விஷயத்தில் வெண்பஞ்சுவோடு எனக்கு உடன்பாடில்லை. பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன் இருக்கும்போது எழும்புவதற்குக் குறை இல்லை. கோகோ மாவில் கொழுப்பு அதிகம். கொழுப்பு பட்டதும் வெள்ளையின் நுரை அமுங்கத் தொடங்கும். முதல் வாஃபிளுக்கு இருக்கும் காற்று ஐந்தாவதற்கு இருக்காது. ஒன்று லேசாக, ஒன்று கனமாக வருவதைவிட ஐந்தும் ஒரே மாதிரி வருவது மேல். கூடுதல் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கார்ன்ஃப்ளாரை 35 கிராமாக்கி மைதாவை 120 ஆக்குங்கள். ஒரே ஒரு வாஃபிள், அதுவும் உடனே சாப்பிட, என்றால் வெள்ளையை அடியுங்கள், மறுக்கவில்லை.

ஓவன் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வாஃபிளுக்கும் இடையில் மூடியை மூடி 1 நிமிடம் காய விட்டுத்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும். குளிர்ந்த மாவு தட்டின் சூட்டை இழுத்துவிடும். வாட் குறைவான கருவியில் மூன்றாவது வாஃபிள் ஒட்டுவதற்கு இதுதான் காரணம்.

மாதுளம்பூ:

ஒட்டாத பூச்சு உள்ள தட்டுக்கும் எண்ணெய் தடவ வேண்டுமா? இப்போது குழிகளில் கருகிய சாக்லேட் அப்பிக்கொண்டு இருக்கிறது, அதை எப்படி எடுப்பது?

தேன்துளி_77:

மணமில்லாத சமையல் எண்ணெயை சிலிகான் பிரஷ்ஷால, தட்டு நல்லாக் காய்ஞ்ச பிறகு, முதல் வாஃபிளுக்கு மட்டும் மெல்லிசா தடவுங்க. மாவுல 80 கிராம் வெண்ணெய் இருக்கிறதால அடுத்ததுக்குத் தேவைப்படாது. வெண்ணெயால தடவ வேண்டாம், அதுல இருக்கிற பால் துகள் கருகி ஒட்டும். ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம். அதுல லெசித்தின்ங்கிற கொழுப்புப் பொருள் சேர்த்திருப்பாங்க, சூட்டுல அது பிசுபிசுன்னு பழுப்புப் படலமா படிஞ்சு, ஒட்டாத தட்டையே ஒட்ற தட்டா மாத்திடும்.

அப்பின சாக்லேட்டுக்கு: பிளக்கைப் பிடுங்குங்க. தட்டு வெதுவெதுப்பா இருக்கும்போது பேப்பர் டவலை நாலா மடிச்சு, நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு ரெண்டு தட்டுக்கும் நடுவுல வச்சு மூடி 5 நிமிஷம் விடுங்க. ஆவியில கருகல் இளகும். மென்மையான பிரஷ்ஷால குழி குழியாத் தேய்ச்சு எடுங்க, ஒரு தடவையில போகலைன்னா திரும்பச் செய்யுங்க. கத்தி, ஸ்டீல் நார் ரெண்டும் கூடாது, பூச்சு ஒரு இடத்துல கீறினாலும் அந்த இடத்துல இனி ஒவ்வொரு தடவையும் ஒட்டும். கழுவறேன்னு கருவியைத் தண்ணிக்குள்ள முக்கிடாதீங்க. தட்டு கழட்டற மாதிரி இருந்தா மட்டும் கழட்டி வெந்நீர்ல ஊற வைங்க. ஈரம் முழுக்கக் காய்ஞ்ச பிறகே அடுத்த தடவை சூடு பண்ணணும்.